கூன் எங்கிருந்து வந்தது

பறை கத்துக்க வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் பறையைக் கொடுப்பதில்லை. வெறுங்கையோடு நிற்கச் சொல்வேன். கால் இரண்டும் தோள் அகலத்துக்கு. முட்டியை விறைக்காதே. மூச்சைப் பிடிக்காதே. "இதுக்காண்ணே வந்தோம்?" என்பார்கள். இதுக்குத்தான்.

பறை இடது தோளில் தொங்கும். வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி. பாரம் ஒரே பக்கம். இடது தோள் காதை நோக்கி ஏறும், கழுத்து சாயும், அரைமணியில் வலி வந்துவிடும். தோளை இறக்கினால் மணிக்கட்டு தளரும். அப்போதுதான் அடி துள்ளும். முட்டியில் கொஞ்சம் மடக்கு இருந்தால்தான் அடவு வைக்க முடியும்.

வெளிநாட்டில் இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப்.எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதை சொல்கிறவர். குரல் கம்மிப்போனது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். பேசும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை நெருக்குவது தெரிந்தது. பழக்கம்தான் கோளாறு என்று கண்டார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இசைக்கலைஞர்களுக்கு அவர் முறையைச் சொல்லித்தருகிறார்கள்.

சரி. எங்க பழக்கம் எங்கிருந்து வந்தது?

எங்கப்பா சாவு வீட்டில் ராத்திரி முழுக்க அடிப்பார். அடிக்கும்போது நிமிர்ந்துதான் நிற்பார். முடிந்ததும் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும், முதுகு வளையும். காசைத் தரையில் போடுவார்கள். குனிந்து பொறுக்குவார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்டுவார். சேரிக்குள் வந்த பிறகும் அந்த முதுகு முழுசாக நிமிர்ந்ததில்லை.

என்னிடம் வரும் சாஃப்ட்வேர் பையனுக்கும் கூன் இருக்கு. நாற்காலி கொடுத்த கூன். "தலையை மேலே விடுப்பா" என்றால் விட்டுவிடுகிறான். சேரிப் பையனிடம் அதையே சொன்னால் முதலில் சுற்றிப் பார்க்கிறான், யாராவது பார்க்கிறார்களா என்று. அவனைத் தனியாகக் கண்ணாடி முன் நிறுத்திப் பயனில்லை. அலெக்சாண்டருக்குத் தன் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. இவனுக்குப் பின்னால் நிற்கிற ஊரும் தெரிகிறது.

அதனால் பயிற்சியைத் தெருவில் வைக்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து நிற்கிறோம், பெண்பிள்ளைகளும்தான். தோளை இறக்கு, கழுத்தை விடு, எதிரே இருப்பவர் கண்ணைப் பார். பிறகுதான் அடி. "அடிக்கட்டும், ஆனா என்னா திமிரா நிக்கிறானுங்க" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஆக, பையன்கள் சரியாகத்தான் நிற்கிறார்கள்.