ஏழு கோப்பையும் ஒரு துணிக்கடையும்

இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னொரு காரணம், இந்தப் பதிவையே ஒருதடவை முழுசா எழுதி, அழிச்சுட்டு, இப்ப மறுபடியும் எழுதறேன். ஏன் அழிச்சேன்னு கடைசில சொல்றேன்.

2023-ல ஆன்சைட்னு ஜெர்மனில எஸ்ஸன் ஊருக்குப் போயிருந்தேன். கிளையண்ட் பக்கம் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்தது. அவரோட அப்பா, தாத்தா ரெண்டு பேருமே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க. "ஞாயித்துக்கிழமை ரூம்ல உக்காந்து என்ன பண்ணப்போற? வா"ன்னு பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷனுக்குக் கூட்டிட்டுப் போனார். ஷால்கே 04 மேட்ச்.

அப்ப ஷால்கே ரெண்டாம் டிவிஷன்ல, அங்கயும் தள்ளாடிக்கிட்டு இருந்தாங்க. நான் காலி ஸ்டேடியத்தை எதிர்பார்த்துப் போனா, 60,000 பேர் நீலமும் வெள்ளையுமா நிக்கறாங்க! மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி மொத்தக் கூட்டமும் சுரங்கத் தொழிலாளர் பாட்டைப் பாடுது. வீரர்கள் மைதானத்துக்கு வர்ற வழியைக்கூட சுரங்கப்பாதை மாதிரியே கட்டியிருக்காங்க. இத்தனைக்கும் ஜெர்மனியோட கடைசி கருநிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பர்லயே மூடியாச்சு.

"பேசாம பாயர்ன் ம்யூனிக் ரசிகரா இருந்தா வருஷா வருஷம் கோப்பை பாக்கலாமே?"ன்னு வாய்விட்டேன். மனுஷன் கோவிச்சுக்கல. "2001 கதை தெரியுமா?"ன்னார்.

2001 மே 19, சீசனோட கடைசி நாள். ஷால்கே 5-3ன்னு ஜெயிச்சாச்சு. ஹாம்பர்க்ல ஆடற பாயர்ன் தோத்தா ஷால்கேதான் சாம்பியன். 90வது நிமிஷம் ஹாம்பர்க் கோல் போடுது. "அங்க மேட்ச் முடிஞ்சிருச்சு"ன்னு ஒரு தப்பான தகவல் பரவ, ஜனங்க மைதானத்துக்குள்ள ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழறாங்க. அப்பத்தான் பெரிய திரைல ஹாம்பர்க் மேட்ச் நேரலையா தெரியுது. முடியவே இல்ல! ஹாம்பர்க் கோல்கீப்பர் தன் ஆள் தட்டின பந்தைக் கையில எடுத்துட்டார்னு பாயர்னுக்கு ஃப்ரீகிக். கூடுதல் நேரத்தோட நாலாவது நிமிஷம் ஆண்டர்சன் அடிச்சார், கோல். போச்சு. அந்த கோல்கீப்பர் ஷோபர், ஷால்கே வளர்த்து ஹாம்பர்க்குக்குக் கடன் கொடுத்திருந்த பையன்ங்கறதுதான் கொடுமை. ஷால்கேவை இன்னிக்கும் 'நாலு நிமிஷ சாம்பியன்'னுதான் கிண்டல் பண்றாங்க.

அன்னிக்கு அவர் மைதானத்துக்குள்ள இருந்தாராம். சொல்லும்போது குரல் கம்மிருச்சு. நான் அங்கயே கவுந்துட்டேன் :-)

அப்புறம் ராத்திரியெல்லாம் உக்காந்து வரலாறு படிச்சேன். 1904-ல சுரங்கப் பசங்க ஆரம்பிச்ச கிளப். கிழக்குல மசூரியாவிலேர்ந்து பொழைக்க வந்த குடும்பத்துப் பசங்கதான் ஆட்டக்காரங்கள்ல நிறைய பேர். எர்ன்ஸ்ட் குட்ஸோராவும் அவரோட மச்சான் ஃப்ரிட்ஸ் ஷெப்பானும் பந்தைக் குட்டிக்குட்டியா தட்டி எதிராளியச் சுத்த விடுவாங்க. அந்த ஆட்டத்துக்குப் பேரே 'ஷால்கே பம்பரம்'. 1930-ல அனுமதிச்சதுக்கு மேல காசு குடுத்தாங்கன்னு 14 வீரர்களுக்குத் தடை விழுந்தது. பொருளாளர் வில்லி நியர் அவமானம் தாங்காம கால்வாய்ல விழுந்து உயிர விட்டார். 1931-ல தடை நீங்கி ஆடின முதல் மேட்ச்சுக்கு 70,000 பேர் வந்தாங்க.

இதையெல்லாம் வச்சு ஒரு வீர காவியப் பதிவு எழுதி, ஏழு சாம்பியன் பட்டத்தையும் வரிசையா போட்டேன். பெருமையா அவர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிக்காட்டினேன். அமைதியா கேட்டுட்டு, "அந்த வருஷங்களை இன்னொரு தடவை படி"ன்னார்.

1934, 1935, 1937, 1939, 1940, 1942. அப்புறம் 1958.

"முதல் ஆறும் யார் ஆட்சில?"

சுருக்குன்னுச்சு. எல்லாம் ஹிட்லர் காலம். இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல.

கிளப்போட துணைத்தலைவரா இருந்த பல் டாக்டர் பவுல் ஐஷன்க்ரூன் ஒரு யூதர். 1933-ல பதவிலேர்ந்து வெளியேத்தப்பட்டார். 1938-ல சாலி மேயர், யூலி லிக்ட்மான்னு ரெண்டு யூதர்களோட துணிக்கடை பறிக்கப்பட்டுச்சு. அதை அடிமாட்டு விலைக்கு வாங்கினவர் நம்ம பம்பர நாயகன் ஷெப்பான். அவங்க ரெண்டு பேரும் பின்னாடி ரிகாவுக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாங்க. 2001-ல புது ஸ்டேடியத்துப் பக்கம் ஒரு தெருவுக்கு ஷெப்பான் பேர் வைக்கப் பாத்தப்ப இந்தக் கதை வெளில வந்து, அதைக் கைவிட்டாங்க. கிளப்பே வரலாற்று ஆய்வாளர்களை வச்சு ஆராய்ஞ்சு 2005-ல புத்தகமும் வந்துச்சு. 'நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறம்'னு தலைப்பு.

"எங்க தாத்தாவுக்கு ஷெப்பான் தெய்வம். அந்தத் துணிக்கடையப் பத்தி சாகற வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. நீ எழுதறதா இருந்தா அதையும் சேர்த்து எழுது"ன்னார் பெரியவர். அதான் பழைய பதிவை அழிச்சேன்.

"இதுக்கப்புறமும் எப்படி சார் கத்த முடியுது?"ன்னு கேட்டேன். "இது என் வீடு. வீட்டுக் கணக்குல கடனும்தானே வரும்"னார். முப்பது மேட்ச் ஜெயிக்காம இருந்துட்டு, 2021-ல சீசன் முடிவுல 16 பாயிண்ட்டோட கீழ இறங்கினப்பவும் அவர் சீசன் டிக்கெட்டை விடல.

நான் ஊருக்குத் திரும்பி ஆச்சு. நீலத் துண்டு பீரோல இருக்கு. வார இறுதில ஸ்கோர் பாக்காம தூக்கம் வரல. இந்த லிங்க்கை அவருக்கு அனுப்பப் போறேன். மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டுப் படிப்பார். முதல்ல துணிக்கடை இருக்கான்னுதான் தேடுவார்.

இருக்கு சார்.