கண்டுபிடித்ததற்கும் கூலி

சொந்தப் பட்டறை போடப் போகிறாய் என்று உங்கம்மா சொன்னாள், கண்ணு. லிஃப்ட் எது வாங்குவது, கம்ப்ரஸர் எத்தனை ஹெச்.பி. என்று கேட்பாய் என நினைத்தேன். நீயோ த்ராட்டில் பாடியைப் பற்றிக் கேட்டாய். சரியான கேள்விதான். இன்றைக்கு பெட்ரோல் வண்டியில் அதிகப் பழி சுமக்கும் சாமான் அதுதான். சிக்னலில் வண்டி ஆஃப் ஆனாலும் த்ராட்டில் பாடி. ஐட்லிங் ஏறி இறங்கினாலும் த்ராட்டில் பாடி. மிதித்தும் இழுக்கவில்லை என்றாலும் அதுவே. மாற்றிவிட்டால் பில் கனமாகிறது, வாடிக்கையாளருக்கும் ஏதோ பெரிய வேலை நடந்த திருப்தி. இதில்தான் உன் வயதுப் பையன்கள் வழுக்குகிறார்கள்.

முதலில் அந்தச் சாமானை மதிக்கக் கற்றுக்கொள். ஏர் ஃபில்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு குழாய், அதற்குள் ஒரு வட்டத் தகடு. நான் தொழில் பழகிய அம்பாசடர் காலத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டருக்குள் இருந்த தகடு நேராகத் திறக்கும். இப்போது ஓட்டுபவரின் காலுக்கும் தகட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எவ்வளவு மிதித்தார் என்பதைப் பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் இஞ்சினின் கம்ப்யூட்டரான இ.சி.எம்.முக்குச் சொல்லும். அது ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றித் தகட்டைத் திறக்கும். சொன்ன அளவு திறந்ததா என்று பார்த்துச் சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார்கள். ஒன்று தப்பாகச் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பல வண்டிகளில் தகடு திறக்கத் திறக்க ஒன்றின் வோல்டேஜ் ஏறும், மற்றதில் இறங்கும். கூட்டினால் எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கணக்கு இடித்தால் இ.சி.எம். மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திவிடும். ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ள, வண்டி ஊர்ந்தாவது வீடு போய்ச் சேரும். இப்படி ஊரும் வண்டியைப் பார்த்து உரிமையாளர் திட்டுவார். ஆளைக் காப்பாற்றத்தான் அது ஊர்கிறது என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு உன்னுடையது.

கணக்கு இடித்தால் ஸ்கேனரில் பி2135 என்று எரர் கோடு வரும். இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கோடு என்பது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார் மாதிரி, கண்ணு, விசாரணை இனிமேல்தான். சென்சார் தேய்ந்திருக்கலாம், கப்ளருக்குள் பின் பச்சை பூத்திருக்கலாம், எர்த் லூஸாக இருக்கலாம், பேட்டரியே சோர்ந்து வோல்டேஜ் தொங்கியிருக்கலாம்.

பானெட்டைத் திறக்கும் முன் உரிமையாளரைப் பேச விடு. நானும் பார்க்கிறேன், இப்போது வண்டி வந்து நின்றதுமே ஸ்கேனரைச் செருகிவிட்டு ஆளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. காலையில் குளிர்ந்த இஞ்சினில் வருகிறதா, சூடேறிய பிறகா? ஏ.சி. போட்டால் மட்டுமா? மழைக்குப் பிறகா? சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா? கடைசிக் கேள்வியை ஒரு நாளும் விட்டுவிடாதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பதில் சொல்லும்போதே வண்டிக்குள் குனிந்து தரையைப் பார்.

தரையை எதற்குப் பார்க்கிறோம்? அமெரிக்காவில் 2009-இல் டொயோட்டா வண்டிகள் தானாக வேகமெடுக்கின்றன என்று பெரிய கலவரம். சான் டியாகோ பக்கம் ஒரு லெக்ஸஸில் நான்கு பேர் இறந்துபோனார்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில்தான் எமன் என்று ஊரே பேசியது. கடைசியில் அரசாங்கம் நாசாவையே கூப்பிட்டது. விண்வெளிக்கு ராக்கெட் விடுகிறவர்கள் பத்து மாதம் குடைந்தார்கள். அவ்வளவு பெரிய வேகத்துக்கு எலக்ட்ரானிக்ஸைக் காரணம் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஒட்டிக்கொள்ளும் பெடல், பெடலைப் பிடித்துக்கொள்ளும் தரை மேட், இந்த இரண்டும்தான் பழுதென்று நின்றன. அந்த லெக்ஸஸில் இருந்தது வேறு மாடலுக்கு உரிய மேட். மென்பொருளைப் பற்றிக் கோர்ட்டில் பின்னாலும் வழக்காடினார்கள். அது தனிக் கதை. மேட்டைக் கையால் இழுத்துப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.

இனி அழுக்கு. நீ பார்க்கப்போகும் ஐட்லிங் கோளாறுகளில் பெரும்பாலானவை தகட்டின் விளிம்பில் படியும் கரியால் வருபவை. இஞ்சின் கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி திரும்ப மேனிஃபோல்டுக்கே போகிறது. அதுதான் அங்கே ஒட்டிக் கறுக்கிறது. ஐட்லிங்கில் காற்று போவதற்கு மயிரிழை இடைவெளிதான் உண்டு. கரி அதை அடைத்தால் இ.சி.எம். கோபித்துக்கொள்ளாது, சத்தமில்லாமல் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளும். வருஷக்கணக்கில் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டி, அந்த அளவை ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளும். உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. திடீரென ஒரு நாள் பேட்டரி மாற்றுகிறார். பல வண்டிகளில் அத்தோடு அந்த ஞாபகம் அழிந்துபோகும். புது பேட்டரி போட்ட மறுநாள் சிக்னலில் வண்டி நின்றுவிடும். அவர் பேட்டரிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீ கரியைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினால், பழைய திறப்பிலேயே தகடு நிற்க, 750-இல் நிற்க வேண்டிய ஐட்லிங் 1500-க்குப் பறக்கும். துடைத்ததால் கெட்டுவிட்டது என்று பயந்து புதுசுக்கு ஆர்டர் போடும் மெக்கானிக்குகள் உண்டு. வண்டிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிலதில் ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் ஓட்ட வேண்டும். சிலது சாவியை ஆன் செய்து சற்று நேரம் சும்மா விட்டாலே கற்றுக்கொள்ளும். எந்த வண்டிக்கு எது என்பதை அந்தக் கம்பெனியின் ரிப்பேர் மேனுவலைப் பார்த்துச் செய். கேள்விஞானம் உதவாது.

துடைக்கும்போதும் முரட்டுத்தனம் வேண்டாம். த்ராட்டில் பாடிக்கென்று உள்ள கிளீனரைத் துணியில் அடித்துத் துடை. சில தகடுகளின் ஓரத்தில் கம்பெனியே பூசிய கறுப்புப் பூச்சு இருக்கும். கரி என்று நினைத்துச் சுரண்டினால் காற்று கசியும். சாவி ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடாதே. மோட்டார் படக்கென்று மூடும், விரல் உள்ளே மாட்டிக்கொள்ளும். அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும். பிறகு நிஜமாகவே புதுசு வாங்க வேண்டியதுதான்.

நிஜமாகவே கெட்டது எப்படித் தெரியும்? லைவ் டேட்டாவை கிராஃபாகப் போட்டு, இஞ்சின் ஓடாமல், பெடலை மெதுவாக அழுத்தி மெதுவாக விடு. நல்ல சென்சாரில் கோடு வழவழவென்று ஏறி இறங்கும். உரசு தடம் உள்ள பழைய வகையில் ஏதோ ஓரிடத்தில் கோடு சட்டென விழுந்து எழும். பெரும்பாலும் லேசாகத் திறந்த நிலையில், அன்றாடம் ஓட்டும்போது தகடு நிற்கும் அதே இடத்தில். காந்தத்தை வைத்து அளக்கும் புது வகையில் இந்தத் தேய்மானம் கிடையாது. குளிர்ந்த வண்டியில் ஒன்றும் தெரியாவிட்டால் மத்தியான வெயிலில் ஓட்டிச் சூடேற்றிவிட்டுப் பார். ஹோஸ் வெடிப்பு, மேனிஃபோல்டு கசிவு எதுவும் இல்லை என்று புகை விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே சாமானின் மேல் கை வை.

மாற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இஞ்சின் ஆறட்டும், சில வண்டிகளில் கூலண்ட் ஹோஸும் அதன் வழியே போகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்று. பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதே. அதற்குப் பதில் கையில் கிடைத்த சிலிக்கான் பேஸ்டையும் அப்பாதே, அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். போல்ட்டை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், மேனுவல் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கு. உள்ளே இருப்பது அலுமினிய மரை. பிறகு அடாப்டேஷன்.

ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறொரு இடத்தில் த்ராட்டில் பாடி மாற்றி, அதே செக் லைட் திரும்ப எரிந்து, இரண்டாவதும் மாற்றியிருந்தார்கள். கிராஃபை ஓடவிட்டு வயரிங்கை அடி முதல் நுனி வரை கையால் ஆட்டிக்கொண்டே போனேன். பேட்டரி ட்ரேக்குக் கீழே ஒரு பிராக்கெட்டில் உரசி ஒரு வயரின் தோல் போயிருந்தது. பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, கிளிப் மாட்டினேன். "ஒரு வயருக்கா இவ்வளவு கேக்கறீங்க?" என்றார் உரிமையாளர். இரண்டு முறை சாமானுக்குப் பணம் கட்டும்போது அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை!

நம் தொழிலின் சிக்கலே இதுதான், கண்ணு. அட்டைப் பெட்டியில் வருவதற்கு யோசிக்காமல் பணம் தருவார்கள். அரை நாள் குனிந்து தேடியதற்குத் தர மனசு வராது. அதனால்தான் நம்மாட்கள் தேடுவதை விட்டுவிட்டு மாற்றிப் பார்க்கிறார்கள். எல்லோரையும் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். வாடகை தேதி நெருங்கும்போது உனக்கும் அந்த நினைப்பு வரும், ஸ்பேர் கடைக்காரர் கமிஷனும் காட்டுவார். ஆகவே வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடு: பார்ப்பதற்கு இவ்வளவு, சாமான் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். போகட்டும். இருப்பவரைப் பக்கத்தில் நிற்கவைத்து கிராஃபைக் காட்டு. மாற்றினால் பழைய சாமானைப் புதுசின் பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வை, அவர் கேட்காவிட்டாலும். போர்டு எழுதக் கொடுக்கும்போது பட்டறைப் பெயருக்குக் கீழே பரிசோதனைக் கட்டணத்தையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்.