விசா முடிந்தாலும் ஓடும் சர்வர்

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய மெஷின்களைச் சேர்த்து ஊர்ப் பள்ளிகளுக்கு சர்வர் செய்து அனுப்பும் எங்களைப் போன்ற வளைகுடாக் கம்ப்யூட்டர் பொறுக்கிகளுக்கு அன்றிலிருந்து நல்ல காலம். விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்கள் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமலே கிழடாகிவிட்டன. துபாயிலும் சார்ஜாவிலும் அலுவலக ஸ்டோர் ரூம்களில் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அட்மின் மேனேஜரிடம் நல்ல பெயர் எடுத்தவன் போய்க் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்வார்கள். அதில் கம்பெனி டேட்டா இருக்கிறதே.

கேட்டு வாங்குவதில் ஒரு எல்லை உண்டு. அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர்கள் பணமாகவோ பொருளாகவோ நன்கொடை திரட்டக் கூடாது. ஆகவே எங்களிடம் உண்டியல் இல்லை, நோட்டீஸ் இல்லை, சங்கத்துக்குப் பெயர்கூட இல்லை. அவரவர் அலுவலகம் அவரவருக்குக் கொடுத்ததை அவரவர் கொண்டுவருகிறோம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியை பர்துபாய் காலித் பின் அல் வலீத் ரோட்டில், கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், அவரவர் காசில் வாங்குகிறோம். ஊரில் இப்படி ஒரு வேலைக்கு முதலில் பேனர் அடித்திருப்பார்கள். இங்கே சட்டம் அந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டது.

கிடைப்பதெல்லாம் உதவாது. பெரிய மனதுக்காரர் ஒருவர் ரேக் சர்வர் ஒன்றை டாக்சியில் ஏற்றி அனுப்பினார். இரண்டு பிராசஸர், இரண்டு பவர் சப்ளை, பார்க்கவே கம்பீரம். சார்ஜா ரோலா பக்கம் நாங்கள் கூடும் ஃபிளாட்டில் அதை ஆன் செய்ததும் உள்ளே இருந்த சின்ன ஃபேன்கள் எல்லாம் ஒருசேர ஊளையிட ஆரம்பித்தன. எங்கள் கூட்டத்து யாழ்ப்பாணத்து அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "தம்பி, உதை நிப்பாட்டுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போறார்" என்றார். பார்ட்டிஷன் போட்டு ஆள் படுக்கிற ஊரில், டேட்டா சென்டருக்கென்று செய்த பொருளை எங்கே வைப்பது? அது இப்போது பால்கனியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உண்மையில் உதவுவது லேப்டாப்தான். அந்த முடிவை எங்களுக்காக எடுத்தது இந்திய சுங்கத்துறை. நாங்கள் செய்வது ஊர்ப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையம் இல்லாமலே ஓடும் ஒரு சின்ன சர்வர். பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக இறக்குமதி செய்ய அனுமதி, காகிதம் என்று ஏகப்பட்ட சிக்கல். ஆனால் 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் தன் பையில் ஒரு லேப்டாப்பைத் தீர்வை கட்டாமல் கொண்டுபோகலாம். ஆக, லீவில் போகிற ஆளுக்கு ஒரு சர்வர். விதிக்கு அடங்கித்தான் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தோம், அப்புறம் பார்த்தால் சர்வருக்கு அதைவிடத் தோதான பொருள் இல்லை. கரண்ட் கொஞ்சமாகத்தான் எடுக்கும், சத்தம் போடாது, திரையும் கீபோர்டும் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, யூபிஎஸ் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

திறந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். பாலைவனத்தில் சில வருஷம் உழைத்த லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாக உரிந்து வரும். மணல் என்று சொல்ல முடியாத அளவுக்கு நைசான மணலும் சட்டை நூலும் கலந்து இறுகியது அது. அதை எடுத்த பிறகு ஹீட் சிங்க்கைத் தூக்கி, காய்ந்து பொரிந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் புதிது வைத்தால், ஐந்து நிமிடத்தில் சூடாகி அணைந்துகொண்டிருந்த மெஷின் நாள் முழுக்க ஓடும். பேட்டரியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். லேசாக உப்பியிருந்தாலும் விமானத்தில் ஏற்றக் கூடாது, பள்ளியிலும் வைக்கக் கூடாது. ஈவு இரக்கம் பார்க்காமல் கழித்துவிடுவோம்.

அடுத்தது கடிகாரம். மதர்போர்டில் வயர் வைத்து ஒட்டிய நாணய பேட்டரி ஒன்று இருக்கும். அது செத்திருந்தால் மெஷினுக்கு எப்போதும் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1. டெபியன் லினக்ஸ் ஏறிவிடும், அப்டேட் கொடுத்ததும் மென்பொருள் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிடும். வருங்காலத்தில் கையெழுத்திட்ட பத்திரத்தை எந்த குமாஸ்தா ஏற்பான்? புதியவர்கள் நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார்கள், கேபிளை மாற்றுவார்கள், ரவுட்டரைத் திட்டுவார்கள். எங்கள் கூட்டத்து மலையாளிப் பையன் முதலில் தேதியைத்தான் பார்ப்பான். அவனுக்கு லினக்ஸ் பள்ளிக்கூடத்துப் பாடம். கேரள அரசு ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் தன் பள்ளிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியிருந்தது. பத்தாம் வகுப்பில் அதிலேயே பரீட்சை எழுதி வந்தவன் அவன். நான் கற்றது சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் நடத்திய கூட்டங்களில், கடைசி வரிசையில் உட்கார்ந்து. "சேட்டா, இது எட்டாங்கிளாஸில் வந்ததாக்கும்" என்று அவன் சொல்லும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

சர்வருக்குள் என்ன வைக்கிறோம் என்றால், முதலில் தமிழ் விக்கிப்பீடியா. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மொத்தத்தையும் ஒரே கோப்பாகத் தருகிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். கூடவே மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த தன்னார்வ வேலை அது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் 2013 முதல் வெளியிட்டுவரும் புத்தகங்களும் உண்டு. யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்காமல் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

தமிழ் விக்கிப்பீடியாவைக் காப்பி செய்யும்போதெல்லாம் அண்ணனுக்கு ஒரு பெருமை. 2003இல் தொடங்கிய அதை ஆரம்ப காலத்திலிருந்தே வளர்த்தெடுத்த இ. மயூரநாதன் அவரைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அந்த வேலையை இதே அமீரகத்தில் பிழைப்பு நடத்திக்கொண்டே செய்தவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. அலுவலகம் முடிந்து அறைக்கு வந்து, சம்பளமில்லாமல், படிக்க ஆள் இருக்கிறதா என்றே தெரியாத காலத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார். அப்போது அந்தக் கட்டுரைகளைத் தாங்கிய சர்வர்களின் கதை எங்களுடையதைவிடப் பரிதாபம். அதே 2003 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் ஒருசில மெஷின்களில் கோளாறு வந்து தளமே தடுமாறியது. ஜிம்மி வேல்ஸ் 20,000 டாலர் கேட்டு வேண்டுகோள் விடுத்தார், வாசகர்கள் சில நாட்களில் அதற்கு மேலேயே கொடுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்தது அப்படி நன்கொடையில் வந்த மெஷின்களில்தான். அதனால் எங்கள் சமையலறை மேஜையில் அது குடியேறுவதை ஒரு தாழ்ச்சியாக நான் நினைப்பதில்லை.

சார்ஜாவில் உட்கார்ந்து ராமநாதபுரம் மாவட்டத்துக்கு சர்வர் செய்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இங்கே கரண்ட் போவது அபூர்வம். அதனால் கரண்ட் போகும் என்ற நினைப்பே இங்கே உள்ளவனுக்கு வருவதில்லை. ஊரிலோ மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் வரைக்கும் வராது. பேட்டரி ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தாங்கும், பிறகு மெஷின் படுத்துவிடும். கரண்ட் திரும்பியதும் தானாக எழுந்திருக்க பயாஸில் அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு, டெல் லாட்டிடியூடில் வேக் ஆன் ஏசி என்று பெயர். இரவும் பகலும் பிளக்கில் கிடந்தால் பேட்டரி உப்பும் என்பதால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைக்கிறோம். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடாதே என்று ஒரு கோப்பில் ஒரு வரி. அப்புறம் பிளக். இங்கே உள்ள செவ்வக முள் மூன்றும் ஊர் சாக்கெட்டில் நுழையாது. ஒரு சின்ன அடாப்டரைத் தேடித் தலைமையாசிரியர் அலைந்ததாகக் கேள்விப்பட்ட பிறகு, இந்திய முள் வைத்த ஒயரையே பையில் போட்டு அனுப்புகிறோம்.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது ஆள். வளைகுடாவில் தன்னார்வலர் என்றால் விசா இருக்கும் வரைக்கும் தன்னார்வலர். வேலை போனால் கிரேஸ் பீரியடுக்குள் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நெட்வொர்க் தெரிந்த மன்னார்குடிக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார்கள், அடுத்த மாதம் அவர் ஊரில். பாஸ்வேர்டுகள் அவர் தலைக்குள் இருந்தன. நல்லவேளையாக அவர் போனை எடுத்தார். போகிறவர்கள் எல்லோரும் எடுக்க மாட்டார்கள். எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, வேலை தேடுகிற மனிதனுக்கு ஆயிரம் கவலை.

அதிலிருந்து ஒரு விதி வைத்தோம். இங்கிருந்து போகும் எந்த மெஷினும் எங்களில் ஒருவரையும் நம்பி இருக்கக் கூடாது. தொலைவிலிருந்து நாங்கள் உள்ளே நுழையும் வழி ஏதும் வைப்பதில்லை. மெஷினோடு ஒரு நோட்டு போகும், தமிழில், கையால் எழுதியது. எப்படி ஆன் செய்வது, எந்த வைஃபை பெயரைத் தேடுவது, எஸ்எஸ்டி போய்விட்டால் கூட வரும் பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவது எப்படி. கடைசிப் பக்கத்தில் ரூட் பாஸ்வேர்டு.

பாஸ்வேர்டைக் கொடுப்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. வாத்தியார் எதையாவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்சி. "அழிச்சா அழிக்கட்டும், அது அவையின்ர சாமான்" என்று அண்ணன். அண்ணன் ஜெயித்தார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு பள்ளியிலிருந்து கம்ப்யூட்டர் ஆசிரியை வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். தான் எடுத்த கணக்குப் பாட வீடியோக்களை வைக்க இடம் போதவில்லை, அதனால் யாரும் தொடாத சில கோப்புகளை அழித்துவிட்டாராம். "பசங்க நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு விளையாடுறாங்க சார், அதான் பாஸ்வேர்டை மாத்திட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் பார்க்கணும்னா என்கிட்டச் சொல்லுங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்று முடித்திருந்தார். மலையாளிப் பையனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் அடுத்த லேப்டாப்பின் பின்மூடி ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே, இனி எஸ்எஸ்டி வாங்கினால் 512 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள் என்றான்.