சுவரும் வேரும்

பிறர் செய்த பிழையை எழுதுவது எளிது. தன் பிழையைத் தானே எழுதுவது சற்றுக் கடினமான காரியம். என் பிழையால் நான் மட்டும் நஷ்டமடைந்திருந்தால் அதை மறைத்துக்கொண்டு இருந்திருப்பேன். எதிர்க்கரையில் இருந்த ஒரு மூதாட்டிக்கும் நஷ்டம் வந்துவிட்டது. ஆகையால் எழுதுகிறேன்.

திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிராணி. வயது 36. ஆங்கிலத்தில் படித்தவன். பேரேட்டில் பத்துக் காசு இடித்தாலும் அன்றிரவு உறங்காதவன். என் தகப்பனார் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். அவர் ஓடையோரத்தில் ஒரு துண்டு நிலத்தை வருஷாந்தர லைசென்சின் பேரில் வைத்துக்கொண்டு, முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிட்டு வந்தார். பாத்திக்கும் ஓடைக்கும் நடுவே 15 அடி அகலத்துக்கு நாணலும் மூங்கிலும் பெயர் தெரியாத புல்லும் மண்டிக் கிடந்தன. "இதை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்கள், அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது தண்ணியோட பங்குப்பா" என்றார். அவர் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். ஆகவே அச்சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.

அவர் காலமான மறு வருஷம் கணக்குப் போட்டேன். 15 அடி அகலம், 100 அடி நீளம்: 1,500 சதுர அடி. அதில் இத்தனை பாத்தி, இத்தனை கோசு, இத்தனை வெள்ளி. கணக்கில் யாதொரு பிழையும் இல்லை. ஆள் வைத்துப் புல்லையும் மூங்கிலையும் வேரோடு கல்லி எறிந்தேன். கரை வெளுத்த வேட்டியைப்போல் சுத்தமாக இருந்தது. பார்த்துப் பெருமை கொண்டேன்.

வருஷக் கடைசி மழை வந்தது. ஓடை கரையின் அடியைக் குடைந்தது. மேல் மண் பாளம் பாளமாய்ச் சரிந்தது. ஒரே பருவத்தில் 3 அடி போயிற்று. அப்பொழுதாவது அறிவு வந்ததா? இல்லை. 4,000 வெள்ளி செலவிட்டுச் செங்கல்லும் சிமெண்டுமாக ஒரு சுவர் எழுப்பினேன்.

சுவரின் குணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். புல் வளைந்து கொடுக்கும். அதன் தாள்களுக்கிடையே புகுந்த நீர் வேகம் தணிந்து, தான் சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கி வைக்கும். சுவர் வளையாது. அதில் மோதிய நீர் வேகம் குன்றாமல் கீழ்நோக்கிப் பாய்ந்து அஸ்திவாரத்து மண்ணைப் பறிக்கும். முதுகுப்புறத்தில் ஊறிய மழைநீரோ, வெளியேற வழியின்றிச் சுவரை முன்னே தள்ளும். நீர் கசிந்து போக ஒரு துவாரமேனும் நான் விட்டிருக்கவில்லை. இரண்டாம் மழையில் சுவர் குப்புற விழுந்தது.

விழுவதற்கு முன் அது இன்னொரு காரியமும் செய்து முடித்திருந்தது. என் பக்கம் தடுக்கப்பட்ட நீர் எதிர்க்கரையில் போய் மோதிற்று. அங்கே, என் தாயாருடன் கொழுந்து கிள்ளிய பாட்டி ஒருவர் கீரை போட்டிருந்தார். அவருடைய நிலத்தில் 7 அடியும், அதன் மேலிருந்த சௌசௌப் பந்தலும் ஓடையோடு போயின.

பாட்டி என்னைத் தேடி வந்தார். வசை கேட்கத் தயாராக நின்றேன். அவர் ஒரு சாக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உங்கப்பா இருந்த வரைக்கும் இந்த ஓடைக்குக் கோபமே வந்ததில்லையே" என்று மட்டும் சொன்னார். பையில் இருந்தவை வெட்டிவேர்த் தூர்கள். தம் வீட்டோரம் சரியாமலிருக்க அவர் நெடுங்காலமாக வளர்த்து வந்த புல் அது.

வெட்டிவேரை நான் பானைத் தண்ணீரில் மணத்துக்குப் போடும் பொருளாக மட்டுமே அறிவேன். அன்றிரவு ஆங்கில நூல்களைப் புரட்டினேன். உலகம் அப்புல்லுக்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான் என்று கண்டபோது வெட்கமாக இருந்தது. 1980-களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் இந்தியாவில் மண் காப்புக்காக இதைப் பரப்பினார்கள். நம் மலேசியாவிலேயே நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதை நட்டுச் சோதித்த தாய்லாந்துப் பொறியாளர் திதி ஹெங்சாவோவனிச், 1996-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இவ்வேரின் இழுவை வலிமை சராசரி 75 மெகாபாஸ்கல். அதாவது மென்னெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. வேர் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டர் வரையிலும் நேர் கீழே இறங்குகிறது. நம் தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை; ஆகையால் களையாகப் பரவிவிடும் என்ற அச்சமும் இல்லை.

இருவருமாக இரு கரைகளிலும் நட்டோம். செங்குத்தாக நின்ற கரையை முதலில் சாய்வாக வெட்டினோம். அடியில் ஓடைக்கல்லை அடுக்கினோம். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக, சாணுக்கும் குறைவான இடைவெளியில், தூர்களைப் பிரித்து ஊன்றினோம். வேர் பிடிக்கும்வரை சாக்கு விரித்து மண்ணைக் காத்தோம். நிழலில் அப்புல் தேறாது. மலைக்குளிரில் மெதுவாகவே வளரும். முதல் வருஷம் நம்பிக்கையே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்டன. கரை நிற்கிறது. புல்லின் காலடியில் புது மண்ணும் படிந்திருக்கிறது.

இஃது என் ஒருவனுடைய கோசுப் பாத்தியின் கதையன்று. எங்கள் பக்கத்து ஓடைகள் டெலோம் ஆற்றைச் சேர்கின்றன. 1963-இல் முடிந்த நீர்மின் திட்டம் டெலோம் நீரைச் சுரங்கத்தின் வழியே பெர்தாம் ஆற்றுக்குத் திருப்பி, சுல்தான் அபுபக்கார் அணையின் பின்னே ரிங்லெட் ஏரியில் தேக்குகிறது. காடு வெட்டிய சரிவிலிருந்தும் புல் பறித்த கரையிலிருந்தும் கரைந்த சேறு அங்கே போய்ப் படிந்து ஏரியின் கொள்ளளவைத் தின்கிறது. சேறு எவ்வளவோ, அவ்வளவு நீருக்கு இடமில்லை. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், பெருமழையால் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின, வீடுகள் அழிந்தன. அந்தச் சேற்றில் என் பங்கு ஒரு கைப்பிடியே இருக்கலாம். கைப்பிடி கைப்பிடியாகத்தானே அது சேர்ந்தது?

கீழ்நாட்டில் சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களில் வாழும் நம் ஜனங்கள் இதையே வேறு உருவில் அறிவார்கள். அங்கே வயலையும் செம்பனையையும் கடலினின்று காப்பது மண் வரப்பு. அவ்வரப்பைக் காப்பது முன்னே நிற்கும் அலையாத்திக் காடு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 முதல் நம் சர்க்கார் கரையோரங்களில் அலையாத்தி நடும் வேலையைத் தொடங்கிற்று. ஆனால் அலை வலுத்த இடத்தில் கன்று மட்டும் நிற்காது. சுங்கை ஹாஜி டொரானியில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் முன்னே கல்லணை இட்டு அலையைத் தணித்து, அதன் மறைவில் கன்று நட்டார்கள். கல்லே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. கல் வேருக்குத் துணையாக இருக்கட்டும்; வேரின் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் விதிமுறையை அண்மையில் படித்தேன். 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர் ஒதுக்கி விட வேண்டுமாம். 5 மீட்டர் என்பது 16 அடிக்குச் சற்று அதிகம். பள்ளிக்கூடம் போகாத என் தகப்பனார் விட்டு வைத்தது 15 அடி.

ஓடையோரம் நிலம் வைத்திருக்கும் அன்பர்களே, சுத்தம் செய்கிறோம் என்று அரிவாளை எடுக்குமுன் எதிர்க்கரையில் யார் இருக்கிறார் என்று ஒரு முறை பாருங்கள். என் கரை காப்பாற்றப்பட்டது. பாட்டியின் 7 அடி திரும்பி வரவில்லை. என் பாத்திகளில் இரண்டை அவருக்கு விட்டுக் கொடுத்திருக்கிறேன். அவரோ, அதில் சௌசௌ நடுவதற்கு முன், ஓரமாக ஒரு வரிசை வெட்டிவேர் நட்டு வைத்திருக்கிறார்.