சரக்கு இல்லாத கடை

எனக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது என்று சொன்னால், "எந்த வீதியில்?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக் காற்று வருகிற ஒரு சின்ன வீட்டில், சமையலறை அலமாரியில், உப்பு ஜாடியின்மேல் சாய்த்து வைத்திருக்கும் கைப்பேசிதான் என் கடை. கல்லாப் பெட்டியும் அதற்குள்ளேயே. சரக்கு? அதுதான் கிடையாது!

சிரிக்காதீர்கள். இதற்கு 'டிராப்ஷிப்பிங்' என்று பெரிய பெயர் இருக்கிறது. வாங்குகிறவர் என்னிடம் ஆர்டர் கொடுப்பார். பணமும் என்னிடமே தருவார். நான் அந்த ஆர்டரை மொத்த வியாபாரிக்குத் தெரிவிப்பேன். அவர் தம் இடத்திலிருந்தே வாங்குகிறவர் விலாசத்துக்குப் பார்சலை அனுப்பி விடுவார். என் விலைக்கும் அவர் விலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு. பொருளை நான் கண்ணால் கூடப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். நான் வழுக்கி விழுந்தது அங்கேதான்.

ஒரு காலத்தில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டால், வி.பி.பி.யில் பார்சல் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பிரித்துப் பார்ப்போம். ஆகவே, பார்க்காத பொருளை நம்பி வாங்குவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பார்க்காத பொருளை விற்பதுதான் புதிது!

இந்த யோசனையை என் தலையில் ஏற்றியவள் என் அக்காள் மகள். "சித்தி, பெங்களூரில் 2015-ல் ஆரம்பித்த மீஷோ எப்படி வளர்ந்தது தெரியுமா? மொத்த விலைப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு, தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்ற வீட்டுப் பெண்களால்தான். நீ தனியாகவே செய்யலாம்" என்றாள். அன்று மாலையே வாட்ஸ்அப் பிசினஸ் என்பதைக் கைப்பேசியில் இறக்கினாள். அதில் பொருள்களின் படத்தையும் விலையையும் வரிசையாக அடுக்கி வைக்கலாம்; செலவு ஒன்றும் இல்லை. வடக்கே ஒரு புடைவை மொத்த வியாபாரியையும் அவளே கண்டுபிடித்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் என் கடையில் 80 புடைவைகள் மின்னின. ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை.

புடைவையின் மொத்த விலை 480 ரூபாய். கூரியர் 60. நான் வைத்த விலை 650. ஒரு புடைவைக்கு 110 ரூபாய் லாபம் என்று மனசுக்குள் மாடி வீடே கட்டிவிட்டேன். ஃபேஸ்புக்கில் தினம் 200 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். ஐந்து நாளில் ஆறு புடைவைகள் விற்றன! வீட்டில் பாயசம் வைத்தேன்.

பாயசத்தைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். "லாபம் 660. விளம்பரம் 1,000. ஆக நஷ்டம் 340. பாயசத்துக்கு முந்திரிப் பருப்பு தனி" என்றார்.

நஷ்டத்துக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. அதே வியாபாரியின் அதே படம் என்னைப் போல் எத்தனையோ பேர் கடையில் தொங்குகிறது. படத்தை வைத்தே கூகிளில் தேடினால் அத்தனை கடைகளும் வந்து நிற்கின்றன. யார் 20 ரூபாய் குறைத்திருக்கிறார்களோ அவர்களிடம் போய்விடுகிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் படத்துக்கு விளம்பரம் கொடுப்பது, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் மேளம் பிடிப்பது மாதிரி!

பண நஷ்டத்தோடு போயிருந்தால் இதை உங்களுக்கு எழுத வந்திருக்க மாட்டேன்.

மதுராந்தகத்திலிருந்து ஓர் அம்மாள், மகளின் வளைகாப்புக்கென்று என்னிடம் ஒரு புடைவை வாங்கினாள். மாம்பழ நிறம், பச்சைக் கரை. "நல்லா இருக்குமா அம்மா?" என்று தொலைபேசியில் கேட்டாள். "பிரமாதமாக இருக்கும்" என்றேன். என்ன துணிச்சல், பாருங்கள்! வளைகாப்புக்கு முதல் நாள் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மஞ்சள் வெளிறிக் கிடந்ததாம். சரி போகட்டும் என்று நீரில் நனைத்ததும், கரையின் பச்சை முழுவதும் உடலில் இறங்கிவிட்டதாம். அவள் சண்டை போடவில்லை. "உங்க பேச்சைக் கேட்டுத்தானே அம்மா வாங்கினேன்?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பெண் பழைய புடைவையை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

மொத்த வியாபாரியை எட்டு தடவை கூப்பிட்டேன். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. என் கைப் பணம் 650 ரூபாயை அந்த அம்மாளுக்கு அனுப்பிவிட்டு, கடையை மூடினேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த அம்மாள் புடைவைக்கா பணம் கொடுத்தாள்? உன் பேச்சுக்குக் கொடுத்தாள். உன் கடையில் இருந்த ஒரே சரக்கு அதுதான்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்புறம் நாகபுரியிலிருந்து வந்த என் தங்கை, கடற்கரைக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். செங்கற்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். கோயிலைப் பார்த்துவிட்டு ஐந்து ரதத்துக்குப் போகிற வீதியில் நடந்தால், இரண்டு பக்கமும் உளிச் சத்தம். 1957-ல் அங்கே அரசாங்கம் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக இருக்கிறது. 2015-ல் உலகக் கைவினைக் கழகம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரம் என்று கௌரவித்தது. 2017-ல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெருமையும் இருந்தும், நாங்கள் போன பட்டறையில் அன்று மத்தியானம் வரை போணி ஆகவில்லை.

பிள்ளையார்களுக்கும் நந்திகளுக்கும் நடுவே, கருங்கல்லில் செதுக்கிய சின்ன இடிகற்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை வாங்கி வந்தேன். மறுநாள் அதில் இடித்த துவையலில் நறநறவென்று மண்! கோபமாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சிற்பி நிதானமாகச் சொன்னார்: "புதுக் கல்லுன்னா அப்படித்தான் அம்மா. பச்சரிசியைப் போட்டு நல்லா இடிச்சுக் கொட்டிடுங்க. மாவு சாம்பல் கலராத்தான் வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் செய்யுங்க. அப்புறம் உங்க பேத்தி காலம் வரைக்கும் கவலையில்லை."

நான்காம் முறை மாவு வெள்ளையாக வந்தது. ஒரு மாதம் மிளகு சீரகத்தை அதில்தான் தட்டினேன். பிறகு திரும்பவும் பஸ் ஏறினேன். இந்தத் தடவை வியாபாரம் பேச!

எங்கள் ஒப்பந்தத்தில் பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை. அனுப்பப் போகிற அதே கல்லின் படத்தையும் எடையையும் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்ப வேண்டும். வழியில் உடைந்தால் நஷ்டம் இருவருக்கும் பாதிப் பாதி. தாமதம் ஆகுமானால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இவை என் நிபந்தனைகள். அவருடையது ஒன்றே ஒன்று: "என் விலையிலே பேரம் பேசாதீங்க அம்மா." சரி என்றேன். அவர் விலை 700. கட்டுவதற்கு 50. நான்கு கிலோக் கல்லுக்குக் கூரியர் சுமார் 200. நான் விற்பது 1,100. மிஞ்சுவது 150 ரூபாய். புடைவையைவிட 40 ரூபாய்தான் அதிகம். ஆனால் இந்தக் கல்லை எனக்குத் தெரியும்!

விளம்பரம் எப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். ரசத்துக்கு மிளகும் சீரகமும் தட்டுவதை ஒரு நிமிஷப் படமாக என் அக்காள் மகள் எடுத்தாள். பாட்டு ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்றேன். இடிக்கிற சத்தமே போதும். அதன் கீழே நான் எழுதியது இதுதான்: 'எடை நான்கு கிலோ. கனமானது, கை தவறி விழுந்தால் தரை ஓடு உடையும். முதல் நாளே துவையல் அரைக்காதீர்கள், மண் வரும். பச்சரிசி இடிக்கும் முறை கூடவே வரும்.' தங்கை தலையில் அடித்துக் கொண்டாள். "குறையைச் சொல்லி யாராவது விற்பார்களா?" என்றாள். ஆனால் முதலில் தெரிந்தவர்கள் வாங்கினார்கள். அவர்கள் சமையலறையில் எடுத்த படங்களை, அவர்கள் அனுமதியோடு நான் போட்டேன். அப்புறம் தெரியாதவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் காசு கொடுத்து விளம்பரம் செய்தேன். அதுவும் செங்கற்பட்டு, காஞ்சீபுரம், சென்னைக்குள் மட்டும், நாளைக்கு 100 ரூபாய். தூரம் போகப் போகக் கல்லின் கனத்தைக் கூரியர் தின்றுவிடும் அல்லவா?

தங்கை இன்னொரு யோசனையும் சொன்னாள். வேறு வேறு பெயர்களில் அவளே 'அபாரம்', 'அற்புதம்' என்று எழுதுகிறாளாம். வேண்டவே வேண்டாம் என்றேன். இதற்கென்று 2020-ல் மத்திய அரசு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் போட்டிருக்கிறது. வாங்கினவர் போல் வேஷம் போட்டு விற்பவர் பாராட்டு எழுதுவதை அது தடுக்கிறது. பழுதான பொருளையும், சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதை முதல் நாளே படித்திருந்தால், புடைவை வியாபாரியிடம் நானும் சில கேள்விகள் கேட்டிருப்பேன்.

வரி விஷயத்தில் மட்டும் குருட்டு தைரியம் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல், பெரிய விற்பனைத் தளங்கள் வழியே தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகளுக்கு, வரம்புக்கு உட்பட்டு ஜி.எஸ்.டி. பதிவிலிருந்து விலக்கு உண்டு. எல்லை தாண்டி அனுப்ப ஆசைப்பட்டால், முதலில் ஒரு கணக்காளரைக் கேட்டுக் கொள்ளுங்கள். பணம் முன்னதாக வந்த பிறகே கல் கிளம்பும் என்பதும் நான் வைத்த விதி. 'பொருள் வந்ததும் பணம்' என்று ஒப்புக்கொண்டு, வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நான்கு கிலோவுக்குப் போகும் கூலி, வரும் கூலி இரண்டும் நம் தலையில்!

இப்போது மாதத்துக்கு இருபது கல் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,000 ரூபாய். மூன்று நான்கு நாள் விளம்பரம் கொடுத்தால் அதிலிருந்தும் கழியும். மாடி வீடு கட்ட முடியாது. ஆனால் தொலைபேசி மணி அடித்தால் எனக்கு நெஞ்சு படபடப்பதில்லை.

போன மாதம் அப்படித்தான் ஒரு நாள் மணி அடித்தது. மதுராந்தகத்து அம்மாள்! என் எண்ணை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். பேரன் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டானாம். குழந்தைக்கு மிளகு ரசம் வைக்க இடிகல் வேண்டுமாம். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொண்டது. எடையைச் சொன்னேன், மண் வருவதைச் சொன்னேன், பச்சரிசியைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அதெல்லாம் சரி அம்மா. இது சாயம் போகாதே?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது.