இடுப்பில் அரை கிலோ

துப்பாக்கிக்கு உறை வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் போட்டுப் பார்க்கும்போது எல்லாமே சரியாக இருக்கும். எங்கே கடிக்கிறது என்பது ஒரு நாள் முழுக்க நடந்த பிறகுதான் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம். செருப்பு கடித்தால் கழற்றி ஓரமாகப் போட்டுவிடலாம். இதை அப்படிப் போட முடியாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். ஹூஸ்டனுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சின்ன கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறோம். பெட்ரோல் பங்க்கும் பெட்டிக்கடையும் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் இரவு கல்லாவை எண்ணி, விளக்கை அணைத்து, கடையைப் பூட்டுவது என் பொறுப்பு.

போன வருடம், எங்களுக்கு அடுத்த எக்ஸிட்டில் இருக்கும் கடைக்குள் இரவு 11 மணிக்கு முகமூடியோடு இரண்டு பேர் நுழைந்தார்கள். பணத்தைக் கொடுத்ததும் போய்விட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால், கல்லாவில் இருந்த பெண் மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை.

அன்று இரவு என் வீட்டுக்காரர் சொன்னார், “நீயும் ஒண்ணு வெச்சுக்கோ.”

“எதை வாங்கலாம்னு அப்புறம் பார்க்கலாம். அது எங்கே இருக்கும்? முதல்ல அதைச் சொல்லுங்க” என்றேன்.

வீட்டில் 11 வயதில் பையன் இருக்கிறான். வருடத்தில் ஆறு மாதம் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்து தங்குவார். அவர்கள் இரண்டு பேரும் புழங்கும் வீட்டில் அந்தப் பொருள் எந்த நிமிடம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் எச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. அந்த மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்கே மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு வந்து, கடை வாங்கிய பிறகுதான் இதெல்லாம். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்களும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். டெக்சாஸில் கதை வேறு. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை ஏதும் இல்லாத பெரும்பாலானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். வெளியே தெரியும்படி எடுத்துப் போனால் அது உறையில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கட்டாயமில்லை என்றாலும் நான் லைசென்ஸ் வகுப்புக்குப் போனேன். நான்கு முதல் ஆறு மணி நேரப் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். சுடுவதை விட அங்கே என் மனதில் பதிந்தது, பயிற்சியாளர் உறையைப் பற்றிச் சொன்ன பாடம்தான்.

இன்று விற்கும் சின்ன கைத்துப்பாக்கிகள் பலவற்றில், கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டி கிடையாது. டிரிக்கரை அழுத்தினால் வெடிக்கும். அவ்வளவுதான். ஆகவே டிரிக்கரை மூடியிருக்கும் உறைதான் நடைமுறையில் அதன் பூட்டு. 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ், உறை இல்லாமல் கால்சட்டை இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு நியூயார்க் நைட் கிளப் ஒன்றுக்குப் போனார். அது நழுவ, பிடிக்கப் போக, வெடித்துத் தன் தொடையிலேயே குண்டு பாய்ந்தது. லைசென்ஸும் இல்லாததால் இரண்டு வருடச் சிறைத் தண்டனை. அதற்கு முந்தைய பிப்ரவரியில்தான் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் வெற்றிக்கான பந்தைப் பிடித்தவர் அவர். அந்தக் கையாலும் இதைப் பிடிக்க முடியவில்லை.

சரி, டிரிக்கரை மூட வேண்டும், புரிகிறது. ஆனால், சௌகரியம் எதற்கு? கொஞ்சம் குத்தினால் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. காரணம் இதுதான். குத்தினால் கை தானாகக் கழற்றும். கடையில் குனிந்து பால் கேன் அடுக்கும்போது விலா எலும்பில் இடிக்கும். கழற்றி கவுன்ட்டருக்கு அடியில் வைப்போம். காரில் சீட் பெல்ட்டோடு சேர்ந்து அழுத்தும். கழற்றி டேஷ்போர்டு அறையில் போடுவோம். வீட்டுக்கு வந்ததும் சோபா மேலே, ஃப்ரிட்ஜ் மேலே, தலையணை அடியில். துப்பாக்கி இடுப்பில் இருக்கும்போது அது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கழற்றி வைத்த இடத்தில், அந்தப் பக்கம் வருபவர் கையில் இருக்கிறது. சௌகரியமான உறை தேடுவது சொகுசுக்காக இல்லை.

இதற்கு அடுத்தபடியாகத்தான் உறை தேடும் படலம். இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் பயன்படாத உறைகள் ஒரு டிராயர் நிறையக் கிடக்கும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் அரை டிராயர் சேர்ந்தது.

முதலில் தோல் உறை. பார்க்க அழகு, உடம்புக்கு மென்மை. ஆனால் ஹூஸ்டன் வெயில் சென்னை வெயிலுக்குச் சித்தப்பா பிள்ளை. வியர்வையை ஊறிக்கொண்டே இருக்கும். நாளாக ஆகத் தோல் தளர்ந்து, வாய்ப்பகுதி உள்பக்கம் மடிந்துவிட்டால் ஆபத்து. துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே டிரிக்கரை அழுத்தக்கூடும்.

அடுத்தது, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று மலிவாக விற்கும் துணி உறை. எல்லோருக்கும் பொருந்தும் ரவிக்கை யாருக்கும் பொருந்தாது என்று நமக்குத் தெரியாதா? துப்பாக்கியை உருவியதும் அது சப்பையாகிவிடுகிறது. வெளியிலிருந்து அழுத்தினால் டிரிக்கர் விரலுக்குத் தட்டுப்படுகிறது. வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

மூன்றாவது, கைடெக்ஸ். சூடாக்கினால் வளையும், ஆறினால் இறுகும் ஒரு பிளாஸ்டிக். துப்பாக்கியின் அச்சிலேயே வார்க்கிறார்கள். உள்ளே போனதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். டிரிக்கர் வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. வியர்வை ஒன்றும் செய்யாது. 60 முதல் 100 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கிறது.

இதிலும் மிகச் சிறியது ஒன்று உண்டு. டிரிக்கர் வளையத்தை மட்டும் மூடும், தீப்பெட்டி அளவு துண்டு. ஒரு கயிற்றால் பெல்ட்டில் கட்டிவிட வேண்டும். உருவினால் கயிறு இழுத்து மூடி கழன்றுவிடும். “இதைவிடச் சின்னதா ஒண்ணும் கிடைக்காது” என்று அவர் ஆசையாகக் காட்டினார். ஆனால் அதில் துப்பாக்கியைத் தாங்குவது கால்சட்டையின் இறுக்கம்தான். உட்கார்ந்து எழுந்தால் அசைகிறது.

சின்னதாக இருந்தால் சௌகரியம் என்பது உறையில் பாதி உண்மைதான். கீழே நீளம் குறைந்தால் மேல்பக்கம் கனத்துச் சாய்ந்து, பிடி வெளிப்பக்கம் தள்ளும். சட்டைக்கு வெளியே புடைத்துக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழல் அல்ல, பிடிதான். அரை அங்குலம் நீளமான உறை தொடையோடு படிந்து, பிடியை உடம்போடு அணைக்கிறது. பெல்ட்டில் முட்டிப் பிடியை உள்ளே திருப்பும் சின்ன நகம் ஒன்று, உறைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. இந்த இரண்டும் செய்யும் உதவி பெரியது. எதைக் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது கிளிப், அலங்காரத் தையல், தடித்த ஓரம் எல்லாம் போகலாம். டிரிக்கரை முழுசாக மூடும் கெட்டியான சுவர், துப்பாக்கியைப் பிடிக்கும் இறுக்கம், பெல்ட்டை விடாத கிளிப், இந்த மூன்றும் போகக் கூடாது. கூடவே, தொய்யாத கெட்டி பெல்ட்டும் வேண்டும். அரை கிலோ எடையைத் தாங்குவது அதுதானே!

அடுத்தது, பெண்களுக்கே உள்ள பிரச்னை. இந்தச் சாமான்கள் எல்லாம் ஜீன்ஸும் பெல்ட்டும் போட்ட ஆம்பிளையை நினைத்துச் செய்தவை. சுடிதாருக்கு எங்கே பெல்ட்? நாடாவில் மாட்டினால் பேன்ட்டோடு இறங்கிவிடும். தொங்கும் நாடா நுனி உறைக்குள் போய் டிரிக்கரில் சிக்கினால் அதைவிட மோசம். ஜாக்கெட் கயிறு சிக்கியே வெடிக்கலாம் என்று வகுப்பில் எச்சரித்தார்கள். துப்பட்டாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, நானே சேர்த்துக்கொண்டேன். அதனால் சுடிதார் நாட்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை வாங்கினேன். உள்ளே கெட்டியான கைடெக்ஸ் கூடு வைத்தது.

அதைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்துவிட்டார்.

“எம்மா, இடுப்புல என்னத்த கட்டியிருக்க? உங்க மாமா சந்தைக்குப் போறப்ப கட்டுவாகளே பச்சை பெல்ட்டு, அது மாதிரில்லா இருக்கு!”

வேட்டிக்கு மேல் அகலமாகக் கட்டி, பணமும் பொடி டப்பாவும் வைத்துக்கொள்வார்களே, அதே பெல்ட். நான் மறைக்கவில்லை. என்ன, ஏன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பணத்த மடியில வெச்சா கண்ணு பணத்து மேலதான் இருக்கும். இத வெச்சா?” என்று மட்டும் கேட்டார்.

ஏன் கைப்பையில் வைக்கவில்லை என்று தோழிகள் கேட்கிறார்கள். 2014 டிசம்பரில், ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடை. துப்பாக்கி வைக்கவென்றே தனி ஜிப் வைத்துத் தைத்த கைப்பை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அதற்குள் கையை விட்டது. அம்மா அங்கேயே இறந்துபோனார். கைப்பை என்பது நாம் நாற்காலியில் மாட்டும், மறக்கும், பிறர் தூக்கும் பொருள். இடுப்பு அப்படி இல்லை.

உறை வந்ததும் செய்ய வேண்டிய சோதனை எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உறையில் செருகி, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழக் கூடாது. பிறகு காலித் துப்பாக்கியோடு வீட்டு வேலை எல்லாம் செய்து பாருங்கள். நான் மாவரைத்தேன், துணி மடித்தேன், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முன்வயிற்றில் வைத்தால் உட்காரும்போது குத்தியது. வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் தள்ளியதும் சரியானது. திரும்பச் செருகும்போது மட்டும் அவசரமே கூடாது. துணியை விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக.

வீட்டுக்குள் ஒரே சட்டம். ஒன்று, என் இடுப்பில் இருக்கும். இல்லையென்றால் லாக்கரில் இருக்கும். நடுவில் மூன்றாவது இடம் கிடையாது. கழற்றும்போது துப்பாக்கியை உருவாமல் உறையோடு சேர்த்தே எடுத்து, அப்படியே உள்ளே வைத்து எண் போட்டுப் பூட்டிவிடுவேன். பையன் பள்ளி, போஸ்ட் ஆபீஸ், நீதிமன்றம் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோகவே கூடாது என்பதால் அங்கே போகும் நாட்களிலும், பேர்லேண்டு மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாட்களிலும் அது லாக்கரை விட்டு வெளியே வராது. காரில் விட்டுப் போவதில்லை. காரிலிருந்து திருடுபோகும் துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பையனிடமும் சொல்லியிருக்கிறோம். யார் வீட்டில் பார்த்தாலும் தொடாதே, விலகிப் போ, பெரியவர்களிடம் சொல். அவன் தலையாட்டினான். ஆனால், ஒரு பிள்ளையின் தலையாட்டலை நம்பி வீடு நடத்த முடியாது. 2020 முதல் இந்த நாட்டில் குழந்தைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான். துப்பாக்கியால் ஒரு வருடத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனைப் பார்த்து வாங்கிய பொருள், வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் இரவிலும் அங்கேயேதான் இருக்கும். அதனால் லாக்கர் எண் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்களில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் எண்ணை மற்றவர் மாற்றுவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். பேசக் கஷ்டமாகத்தான் இருந்தது. பேசிவிட்டோம்.

ஆகஸ்டில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மாமியார் தன் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “இவ்வளவும் பண்றீயளே, கடையை ஒன்பது மணிக்கே அடைச்சா என்னல கொறஞ்சிரும்?”

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பெரும்பாலும் பீரும் சிகரெட்டும்தான். வார நாட்களில் அந்த இரண்டு மணி நேர வியாபாரம், கரன்ட் பில்லும் ஆள் சம்பளமும் போகப் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. போன மாதத்திலிருந்து திங்கள் முதல் வியாழன் வரை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை மட்டும் பழைய நேரம். அன்றைக்கு மட்டும் அந்த அரை கிலோ என் இடுப்பில் இருக்கிறது.