ரெபெக்காவின் கூற்று

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' திரைப்படத்தை நாம் முதன்முதலில் பார்த்தது முதுகலை இரண்டாம் ஆண்டில். விடுதி நண்பர் ஒருவர் வாங்கிவந்த குறுவட்டு அது. துணையெழுத்துகள் இல்லை, உரையாடலில் பாதி புரியவும் இல்லை. ஆயினும் படம் முடிந்தபின் வெகுநேரம் அறையில் எவரும் பேசவில்லை. தாஃப்னே டு மோரியே 1938இல் எழுதிய மூல நாவலை நாம் படித்தது ஆசிரியப் பணிக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். படம் முந்தி, நாவல் பிந்தி என்னும் இந்த வரிசையால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. பிழை நம்முடையது; ஹிட்ச்காக்குடையது அன்று.

கதை பலரும் அறிந்ததே. செல்வச் சீமாட்டி ஒருத்திக்குத் துணைப்பெண்ணாக ஊதியத்துக்கு வேலை செய்யும் ஏழைப்பெண், மேக்ஸிம் டி வின்டர் என்னும் செல்வந்தனை மணந்து, மேண்டர்லி என்னும் மாளிகைக்கு வருகிறாள். அவனுடைய முதல் மனைவி ரெபெக்கா கடலில் மூழ்கி இறந்தவள். ஆனால் மாளிகை இன்னமும் அவளுடையதாகவே இருக்கிறது. கடிதத்தாளில், கைக்குட்டையில், தலையணை உறையில் என எங்கும் அவள் பெயரின் முதலெழுத்து. புதியவளுக்கோ நாவல் முழுவதிலும் பெயரே இல்லை. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டலாகாது என்று பாடம் நடத்தும் நமக்கு, பெயரற்ற தலைவி ஒருத்தி ஆங்கில நாவலில் எதிர்ப்பட்டது வியப்பாக இருந்தது. இங்கே பெயரின்மை மரபு அன்று, இடமின்மை.

1940இல் வெளிவந்த படம், அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் நாவலுக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஹிட்ச்காக் முதலில் தந்த திரைவடிவத்தை, நாவலிலிருந்து விலகுகிறது என்று மறுத்தவர். அத்தகையவரும் ஓர் இடத்தில் வளைய நேர்ந்தது. நாவலில் மேக்ஸிம் ரெபெக்காவைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறான். தண்டனையின்றித் தப்பியும் விடுகிறான். கொலைகாரன் தண்டனை பெறாமல் போகலாகாது என்பது அந்நாளைய ஹாலிவுட் தணிக்கை விதி. எனவே படத்தில் அவள் தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறக்கிறாள். சடலத்தைப் படகில் வைத்துக் கடலில் மூழ்கடிப்பது மட்டுமே அவன் செய்த குற்றமாகிறது.

இந்த மாற்றத்தைப் படத்தின் குறையாகப் பலர் எழுதியுள்ளனர். நாமும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தோம். ஆனால் அதே படம் செய்த இன்னொரு மாற்றத்தை நாம் கவனிக்கவில்லை. நாவலில் மேக்ஸிம் உண்மையைச் சொல்வது மாளிகையின் நூலக அறையில். படத்தில் அவன் சொல்வது கடற்கரைக் குடிலில், அவள் இறந்த அதே இடத்தில். அவன் சொல்லச் சொல்ல, கேமரா ஆளில்லாத அறையில் மெல்ல நகர்கிறது. அவள் அமர்ந்திருந்த இருக்கை, எழுந்த இடம், நடந்துவந்த வழி. அங்கே எவரும் இல்லை. படம் முழுவதிலும் ரெபெக்காவின் முகம் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. பின்னோக்கு உத்தி எளிதாகக் கைகொடுத்திருக்கும் இடத்திலும் ஹிட்ச்காக் அதை நாடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒப்பிலக்கிய வகுப்பில் இக்காட்சியைத் திரையிட்டு, 'இன்மையைக் காட்சியாக்கும் கலை' என்று விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அவள் கெட்டவள் என்று அவர்தானே சொல்கிறார்? அவள் எங்கே பேசுகிறாள்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு நாவலை மீண்டும் எடுத்தோம். ரெபெக்காவைப் பற்றி மேக்ஸிம் சொல்வனவற்றுள் சில, பணிப்பெண் டான்வர்ஸின் வாய்மொழியாலும் உறுதிப்படுகின்றன. அதை மறுக்க இயலாது. ஆனால் அந்த இரவு குடிலில் நடந்தது என்ன என்பதற்கு, கொன்றவனையன்றி வேறு சாட்சி இல்லை. அவளே தன்னைக் கொல்லத் தூண்டினாள் என்கிறான் அவன். அதைக் கேட்ட இரண்டாம் மனைவியின் மனத்தில் எழுவது அச்சமன்று, ஆறுதல். கணவன் அவளை ஒருபோதும் நேசிக்கவில்லை என்னும் ஆறுதல். அவளோடு சேர்ந்து நாமும் அவ்விடத்தில் மூச்சு விட்டோமே! தணிக்கை மாற்றியது மேக்ஸிமின் குற்றத்தை மட்டும் அன்று. ஒரு கொலையை மன்னித்துவிட்டோம் என்னும் உறுத்தல் வாசகனுக்கு நேராமல் காத்ததும் அதுவே. நாமோ நாவலைப் படித்தபோதும் படத்தின் மேக்ஸிமையே மனத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறோம். துப்பாக்கி ஒலி நம் காதில் விழவேயில்லை.

2020இல் பென் வீட்லி இயக்கிய படத்தில் துப்பாக்கி திரும்ப வந்தது. எனினும் ரெபெக்காவுக்குக் குரல் வந்துவிடவில்லை. ஹிட்ச்காக்கின் வெற்று அறையாவது, இங்கே ஒருத்தி இருந்திருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கோதிக் காதல் கதைகளின் பொதுவிதி இது என்றே தோன்றுகிறது. 'ரெபெக்கா'வில் பெயரற்றவளாக நடித்த ஜோன் ஃபான்டெய்ன், ராபர்ட் ஸ்டீவன்சன் இயக்கிய 'ஜேன் அயர்' படத்திலும் நாயகி. அங்கும் ஒரு மாளிகை, ஒரு முதல் மனைவி, அவளைப் பற்றிக் கணவன் சொல்லும் வரலாறு. மேல்தளத்தில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தாவின் தரப்பைக் கேட்க, 1847இல் வெளிவந்த அந்நாவல் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 'வைட் சர்காசோ சீ' நாவலில் அவளைப் பேசவைத்தார். நம் அகமரபில் பரத்தைக்கும் கூற்று உண்டு. தலைவனைப் பற்றி அவள் சொல்வதையும் நாம் கேட்கிறோம். அந்த மரபில் பயின்றவர்களாகிய நாம் இக்கேள்வியை ஒரு மாணவியிடமிருந்து கற்க நேர்ந்தது.

இதை எழுதும்போது ஒரு தம்ளர் நினைவுக்கு வருகிறது. நம் உறவினர் ஒருவர் மறுமணம் செய்துகொண்ட புதிதில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். புது மனைவி காபி கொண்டுவந்து தந்தார். எவர்சில்வர் தம்ளரில் முதல் மனைவியின் பெயர் பொறித்திருந்தது. அந்தப் பெண்மணி பிரிந்து சென்றவர். "குடும்பத்துக்கு ஒத்துவராதவள்" என்று உறவினர் சொன்னார்; மற்றவர்கள் தலையசைத்தார்கள்; நாமும் அசைத்தோம். பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் அவர் எதிரே வந்தபோது, அறியாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவரிடம் ஒருவார்த்தை கேட்கவேண்டும் என்றுகூட அன்று தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் அவரை மீண்டும் கண்டோம். இம்முறை நாமே அருகில் சென்று, "நலமா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டோம். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கேன் தம்பி. காலேஜ்லதான் வேலையா?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதைக் கேட்கும் உரிமை நமக்கும் இல்லை. பந்திக்கு அழைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து இலைகளில் அமர்ந்து உண்டோம்.